சிவப்புத் தலைக்கவசத்துக்கு எத்தனை புள்ளி

ஹோல்மார்ஷ் ஸ்பீட்வே மைதானத்தின் கடைசி ஓட்டம் 2016 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குத் தொடங்கி, இரண்டு வருடம் பதினோரு மாதம் ஆறு நாள் நடந்தது. விதிப்படி அது ஒரு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஸ்பீட்வே என்றால் மண் தடத்தில் நான்கு பேர், நான்கு சுற்று, பிரேக்கே இல்லாத நான்கு மோட்டார் சைக்கிள். முதலில் வருகிறவனுக்கு மூன்று புள்ளி, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று, கடைசிக்காரனுக்கு முட்டை. எண்பத்தெட்டு வருடமாக எங்கள் ஊரில் இது இப்படித்தான் நடந்துவந்தது.

அன்றைக்கு மைதானத்தில் நடுவரையும் சேர்த்து ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பேர். இடம் விற்றாகிவிட்டது, திங்கட்கிழமை காலையில் இடிக்க ஆள் வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பதினான்கு ஓட்டம் முடிந்தபோது எங்கள் அணியான கொக்குகளுக்கு நாற்பத்திரண்டு, எதிரணியாக வந்தவர்களுக்கும் நாற்பத்திரண்டு. பதினைந்தாவதில் சிவப்புத் தலைக்கவசம் போட்ட ரோரி டஃப்ஸ் முதல் வளைவிலேயே முன்னால் போய்விட்டான். நீலம் போட்ட டென்மார்க்காரன், அவனும் நம்மவன், அவன் பின்னாலேயே போனான். வெள்ளையும் மஞ்சளும் எதிரணி. மூன்று சுற்று வரைக்கும் அப்படியே இருந்தது. ஸ்பீட்வே பார்க்க வருகிறவர்கள் ஓட்டங்களின் பட்டியல் கட்டம் போட்டு அச்சடித்த புரோகிராமும் பேனாவும் இல்லாமல் வருவதில்லை. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவையும் அவரவர் கட்டத்தில் அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும், கொடி விழும் முன் எழுதவே கூடாது. இது ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் கடைசி நாள், கடைசி ஓட்டம், நம் ஆட்கள் இரண்டு பேர் முன்னால் போகிறார்கள். ஆயிரத்து நூற்று நாற்பத்தோரு பேரும் மூன்றாம் சுற்றிலேயே சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு இரண்டு என்று மையால் எழுதி, கூட்டிப் போட்டு, ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். நடுவரும் அழுதார். நடுவரும் மனிதர்தானே.

கடைசி வளைவைப் பார்த்தவர் ஒரே ஒருவர். நாரிஸ் கேட்ச்போல் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தெட்டு வருடமாக முதல் வளைவில் ஒரே இடத்தில் நின்று பார்க்கிறவர். வண்டிகள் வளைவில் திரும்பும்போது சிவப்பு மண்ணைக் கூட்டத்தின்மேல் வாரி அடிக்கும், அதற்குப் பயந்து மற்றவர்கள் பின்னால் போனாலும் இவர் புரோகிராமால் தேநீர்க் கோப்பையை மூடிக்கொண்டு அங்கேயே நிற்பார். ரோரி அவருடைய மருமகன். மகள் குவெண்டாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். கடைசி வளைவில் ரோரியின் பின்சக்கரம் ஒரு துள்ளு துள்ளி, வண்டி அகலமாக வெளிப்பக்கம் போய் வேலியை உரசியது. உள்பக்கமாக மூன்று பேரும் அவனைத் தாண்டினார்கள். வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு என்ற வரிசையில் கொடி விழுந்தது. கொக்குகள் நாற்பத்து நான்கு, வந்தவர்கள் நாற்பத்தாறு. நாரிஸ் பேனாவின் மூடியைத் திறந்தார், கட்டத்தைப் பார்த்தார், மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார். அந்த நிமிடத்திலிருந்து நான்கு பேரும் நிற்கவில்லை.

முதலில் வெற்றிச் சுற்று என்று நினைத்துக் கை தட்டினார்கள். இருபதாவது சுற்றில் கைதட்டல் ஓய்ந்தது. சிவப்பு விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள், வைக்கோல் கட்டைக் குறுக்கே போட்டுப் பார்த்தார்கள், தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தது. அவர்கள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு ஓட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டுமே வரும் எரிபொருள் தீரவில்லை, டயர் தேயவில்லை, பசிக்கவில்லை, தாடிகூட வளரவில்லை. திங்கட்கிழமை இடிக்க வந்தவர்கள் விதிப்புத்தகத்தில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நடந்துகொண்டிருக்கும் ஓட்டத்தின் முடிவு பதிவாகும் வரை தடத்தின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. எல்லோரும்தான் எழுதியாகிவிட்டதே, இன்னும் என்ன பதிவு என்று ஊரே தலையைப் பிய்த்துக்கொண்டது. தெரிந்த ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

நாரிஸைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஸ்பீட்வேயின் எதிர்காலம் பற்றி ரசிகர்களின் வாரப் பத்திரிகைக்கு முப்பது வருடமாகக் கடிதம் எழுதியவர் அவர். ஒரே ஆள் திங்களன்று ஓர் ஊருக்கும் வியாழனன்று எதிரூருக்கும் ஓட்டினால் யாரை நம்பிக் கத்துவது, வருடா வருடம் விதியை மாற்றினால் யாருக்குக் கணக்குப் புரியும், மழை வரும் என்று வானொலி சொன்னதற்கே பந்தயத்தை ரத்து செய்தால் மறுவாரம் எவன் வருவான், இப்போது வாங்குகிற இஞ்சின் விலைக்கு ஒரு விவசாயி மகன் எப்படி ஓட்டக் கற்றுக்கொள்வான் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். எல்லாம் நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறவர்களுக்கும் பதில் தெரியாது. ஒவ்வொரு வருடமும் ஒரு மைதானம் கோழிக்கறிக் கடையாகவோ வீடுகளாகவோ மாறிக்கொண்டே இருந்தது. இப்போது அவருடைய மைதானம் மட்டும், அவர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால், நிற்கிறது. அந்த அதிகாரம் கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

முதல் வருடம் அவர் சொன்னதெல்லாம் பலித்தது போல இருந்தது. அடுத்த ஞாயிறே ஒன்பதாயிரம் பேர் வந்தார்கள். போலந்திலிருந்து பேருந்து பேருந்தாக வந்து, ஊதுகுழல் ஊதி, எங்கள் மதுக்கடைகளைக் காலி செய்தார்கள். நாரிஸ் முதல் வளைவில் நின்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் பிடித்துச் சொன்னார், "செத்துப்போச்சுன்னு எழுதினானுங்களே, வந்து பாக்கச் சொல்லு." தேநீர்க் கடை டாட் ஃபெல்ட்வெல்லுக்கு அந்தக் கோடையில் கெட்டில் இரண்டு உருகிப்போனது.

இரண்டாம் வருடம் கூட்டம் கரைந்தது. டாட்தான் அதை முதலில் வெளியே சொன்னவள்.

"ஜனங்க எதுக்கு வருவாங்க நாரிஸ்? முடிவே இல்லாத ஓட்டத்துல என்னத்த எழுதறது? வெறும் பேனாவப் புடிச்சுக்கிட்டு எத்தன நாள் நிக்கறது?"

"ஓடுதுல்ல? அது போதாதா?"

"ஓடறதுக்கு எங்க வீட்டு மோர்ச்சட்டில மத்துகூட ஓடும்."

இரண்டாம் குளிர்காலத்தில் நாற்பது பேர் வந்தார்கள். முன்பு வந்துகொண்டிருந்த அதே நாற்பது நரைத்த தலைகள், அதே முழங்கால் வலி. மூடிப்போன மைதானங்கள் ஒன்றுகூட இதனால் திரும்பத் திறக்கவில்லை. இதற்கிடையில் மைதானத்தை ஒட்டி இருநூற்றுப் பதினான்கு வீடுகள் எழும்பின. வீடு வாங்கி வந்தவர்கள், வந்த மறுவாரமே, இங்கே சத்தமாக இருக்கிறது என்று நகராட்சிக்கு மனுப் போட்டார்கள். சத்தம் அளக்கும் அதிகாரி கருவியோடு வந்து, ரோரி டஃப்ஸ் பெயருக்கு ஒரு நோட்டீஸ் எழுதி, அவன் கடந்து போகும்போது நீட்டினார். நான்கு முறை நீட்டிவிட்டு, வேலியில் ஒட்டிவிட்டுப் போனார்.

குவெண்டா தினமும் இரண்டாவது வளைவில் வந்து நின்றாள். பதினைந்து விநாடிக்கு ஒரு முறை அவன் வருவான். பிரேக் இல்லாத வண்டியில் கையை எடுக்க முடியாது, ஆகவே தலையை ஒரு விரற்கடை திருப்புவான். அவர்களுடைய குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான். முதல் வருடப் பிப்ரவரியிலேயே பெண் பிறந்தது. மேபெல் என்று பெயர் வைத்து, பத்தாம் நாள் வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினாள். அந்தச் சுற்றில் மட்டும் ரோரி இரண்டு விரற்கடை திருப்பினான் என்று டாட் சொல்கிறாள். நாரிஸும் அதைப் பார்த்தார். வீட்டுக்குப் போய், அலமாரியின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, புரோகிராமை எடுத்து, பேனாவைத் திறந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுதினால் மருமகன் வீட்டுக்கு வருவான். எழுதினால் எல்லாம் முடியும், அதுவும் தோல்வியில். பொய்யாக வேறு எண் போட்டுவிடலாமா என்றால், வாழ்நாளில் ஒரு ஓட்டத்தைக்கூட அவர் தப்பாக எழுதியதில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவைத்தார். அப்படியே தொள்ளாயிரத்துச் சொச்சம் 'நாளைக்கு' வந்துபோனது. ஆள் பாதியாக இளைத்துப்போனார். மகளைக் கண்டால் வேறு தெருவில் போனார். முதல் வளைவில் நிற்பதை மட்டும் விடவில்லை, ஆனால் வண்டிகள் வரும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாம் வருடம் குவெண்டா வேறு வழியில்லாமல் வீடு வீடாகப் போய் அன்றைய புரோகிராம்களைச் சேகரித்தாள். எல்லோருடைய எழுத்தையும் காட்டினால் முடிவு பதிவானதாக அறிவிக்கலாம் என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். எட்டு மாதத்தில் ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்று சேர்ந்தது. இறந்தவர்களுடையதைப் பிள்ளைகள் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு இரண்டு. நகராட்சி முத்திரை குத்தி, கொக்குகள் வென்றதாக அறிவித்தது. வண்டிகள் ஓடிக்கொண்டேதான் இருந்தன. அன்று மாலை டாட்டின் கடையில் குவெண்டா புரோகிராம்களை எண்ணிப் பார்த்தாள். ஒன்று குறைந்தது. யாருடையது என்று யோசிக்காமலே தெரிந்துவிட்டது.

2019 செப்டம்பர் 22, ஞாயிறு. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனாள்.

"அப்பா, உங்க புரோகிராம் எங்க?"

"எங்கயாவது கெடக்கும்."

"நாப்பத்தெட்டு வருஷத்தத் தேதி வாரியா அடுக்கி வெச்சிருக்கற மனுஷன் நீங்க. உங்க வீட்டுல எங்கயாவதுன்னு ஒரு எடம் கெடையாது."

அவளே டப்பாவை எடுத்தாள். பதினான்கு வரியும் முத்துமுத்தாக இருந்தது. பதினைந்தாவது வெறுமையாக இருந்தது.

"எல்லாரும் மூணாஞ்சுத்துலயே எழுதிட்டாங்க. நீங்க எழுதல. அப்ப நீங்க பாத்திருக்கீங்க."

"அகலமாப் போயிட்டாம்மா. கடைசி வளைவுல."

"எத்தனாவது?"

"கடைசி."

குவெண்டா உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரும் என்று நினைத்தாள், சிரிப்புத்தான் வந்தது, அதுவும் பாதியில் நின்றது.

"ஒரு முட்டை போட மூணு வருஷமாப்பா?"

"அதப் போட்டா அதுக்கப்பறம் போட ஒண்ணுமே இல்லம்மா. இந்த ஊர்ல கடைசியா எழுதினது முட்டைன்னு ஆயிடும். என்னால முடியல. நெசமாவே முடியல."

"அப்பா எங்கன்னு கேட்டா இவ காதத் தொட்டுக் காட்டறா. சத்தம்தான் அப்பான்னு நெனச்சுக்கிட்டிருக்கா. எழுதுங்க."

வீட்டில் எழுத அவர் சம்மதிக்கவில்லை. ஓட்டத்தை எங்கே பார்த்தாரோ அங்கேதான் எழுத வேண்டும் என்று, மூவருமாக முதல் வளைவுக்குப் போனார்கள். பேனா காய்ந்துபோயிருந்தது. டாட் தன்னுடையதைக் கொடுத்தாள். நாரிஸ் அழுதுகொண்டே எழுதினார், எழுத்து மட்டும் கோணவில்லை. வெள்ளை மூன்று. நீலம் இரண்டு. மஞ்சள் ஒன்று. சிவப்புக்கு வட்டமாக ஒரு முட்டை. கூட்டினார், நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு. அறுபத்தொரு லட்சத்துச் சொச்சம் சுற்றுக்குப் பிறகு நான்கு பேரும் இஞ்சினை அணைத்தார்கள். அந்த அமைதியில் பயந்துபோய் இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்தார்கள்.

ரோரி வண்டியை மண்ணில் சாய்த்துவிட்டு, கால் தடுமாற நடந்து வந்தான். மாமனாரிடம்தான் முதலில் பேசினான்.

"என்ன போட்டீங்க மாமா?"

"முட்டை."

"சரிதான். அந்த வளைவுல கோட்டை விட்டுட்டேன். மூணு வருஷமா அதத்தான் நெனச்சுக்கிட்டே ஓட்டினேன்."

பிள்ளை அவனிடம் போகவில்லை. இந்தச் சத்தமில்லாத ஆளை அவளுக்குத் தெரியாது. அவன் மண் அப்பிய உதட்டைக் குவித்து இஞ்சின் சத்தம் போட்டான். அதற்குப் பிறகு போனாள்.

மறுநாள் இடித்தார்கள். தடம் இருந்த இடத்தில் முப்பத்தெட்டு வீடு வந்தது, தெருவுக்கு ஸ்பீட்வே சந்து என்று பெயர் வைத்தார்கள். கொன்றவனே கல்வெட்டும் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டென்மார்க்காரனும் மற்ற இருவரும் அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரோரி குழாய் வேலைக்குப் போகிறான், அதில் கெட்டிக்காரன் என்று பேர். நாரிஸ் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார், அதை நாங்கள் நம்பினோம்.

இடித்ததற்கு அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்கு நாரிஸ் வீட்டின்மேல் சிவப்பு மண் விழுந்தது. அந்த வீட்டின்மேல் மட்டும். பக்கத்து வீட்டில் காய்ந்த வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுகூட இல்லை. பதினைந்து விநாடிக்கு ஒரு வாரல், மொத்தம் நான்கு, அத்தோடு சரி. இன்றுவரை ஒரு ஞாயிறும் தவறவில்லை, மழை என்று ரத்தானதும் இல்லை. சத்தம் இல்லாததால் தம் துறைக்கு வராது என்று நகராட்சி எழுதிவிட்டது. திங்கட்கிழமைகளில் குவெண்டா வந்து சன்னல் துடைத்துக் கொடுக்கிறாள். நான்காவது வாரல் எப்போதும் கொஞ்சம் அகலமாகப் போய் வேலியில் விழுகிறது. அதனால் ரோரி வந்திருந்தால் அந்தப் பக்கம் நிற்பதில்லை. நாரிஸ் முற்றத்தில் நாற்காலி போட்டு, அந்தப் பழைய புரோகிராமால் தேநீர்க் கோப்பையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான்காவதும் விழுந்த பிறகு மண்ணைத் தட்டிவிட்டுக் குடிப்பார்.