ஞாயிற்றுப் பங்குக்கு ஒரு சாட்சி

மானிப்பாய்க்கு மேற்கே அந்தத் தோட்டக் கிணற்றில் ஏழெட்டுப் பேருக்குப் பங்கு. கிழமையில் இன்ன நாள் இன்னார் இறைப்பது என்று காணி உறுதியிலேயே எழுதியிருந்தது. சின்னத்தங்கத்துக்குப் புதன்கிழமையில் பாதி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாமுவேல் தியாகலிங்கத்தாருக்கு.

தியாகலிங்கத்தார் பென்சன் எடுத்த கிளாக்கர், வேதக்காரரின் சபைக்கு மூப்பர். தோட்டம் செய்வதில்லை, ஓய்வுநாளில் வேலை நடக்க விடுவதுமில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கிணறும் அவரைப் போலவே நிறைந்து, அசையாமல், ஒருவருக்கும் பயன்படாமல் கிடந்தது.

அது பங்குனி. சின்னத்தங்கத்தின் அறுநூறு புகையிலைக் கன்றும் மத்தியானத்தில் இலையைத் தொங்கப்போட்டு நின்றன. அரைநாள் தண்ணீர் போதவில்லை. புருசன் செத்த பிறகு அவள் தனியே வைத்த முதல் தோட்டம். இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் கருகிவிடும்.

கேட்டுப் பார்த்தாள்.

"உங்கடை ஞாயிற்றுத் தண்ணியை எனக்கு விடுங்கோ ஐயா. நான் சைவக்காரி. எனக்கு ஞாயிறும் திங்களும் ஒண்டுதான்."

"இறைக்கிறது நீ. ஆனால் பங்கு என்ரை. பாவம் ஆரின்ரை பேரிலை விழும்?" என்றார் அவர், உறுதி எழுதும் நொத்தாரிசின் குரலில்.

சின்னத்தங்கத்துக்குக் கோபத்தைவிட விடுப்பு அறியும் ஆசைதான் கூட. மற்ற ஆறு நாளும் இந்த மனிசன் மீன்காரியோடு சண்டை பிடிக்கிறார், வேலியை ஒரு சாண் தள்ளி அடைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேதம் எங்கேயிருந்து வந்து இறங்குகிறது? உள்ளே போய்ப் பார்த்தால் என்ன?

அடுத்த ஞாயிறு தோய்த்த சேலையும் திருநீறுமாக வேதக்கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்தாள். பாடினார்கள், எழும்பினார்கள், இருந்தார்கள். தியாகலிங்கத்தார் கறுப்புக் கோட்டோடு முன்னால் நின்று, தாகமுள்ளவனுக்குத் தண்ணீர் கொடுப்பதன் மேன்மையைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். இடையில் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

பிறகு பாதிரியார், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம்" என்றார்.

ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சின்னத்தங்கத்துக்கு எப்படித் தெரியும்? வேலி, கிணறு, எல்லைக்கல் என்று வழக்குப் பேசியே வளர்ந்த ஊர். சாட்சி என்றால் நீதவானுக்கு முன்னால் சொல்வதுதான். அட, இங்கேயும் வழக்கு விசாரிக்கிறார்களா!

எழும்பினாள். வலக்கையையும் தூக்கினாள்.

"நான் கண்ணாலை கண்டதைத்தான் சொல்லுவன். எங்கடை தோட்டக் கிணத்திலை ஞாயிறு இந்த ஐயாவின்ரை முறை. தானும் இறைக்கிறேல்லை, கேட்டவைக்கும் விடுறேல்லை. என்ரை கண்டு அறுநூறும் வாடுது. இவ்வளவுந்தான். குறுக்குக் கேள்வி இருந்தால் கேளுங்கோ."

பின் வாங்கில் யாரோ இருமினார்கள், அது இருமலில்லை. பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"இது சாட்சியில்லை, முறைப்பாடு!" என்றார் தியாகலிங்கத்தார். "ஓய்வுநாளிலை வேலை செய்யக்கூடாது எண்டு..."

பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி யோசப்பின் எழும்பினாள்.

"அப்ப எனக்கும் ஒரு சாட்சி கிடக்கு. இண்டைக்குக் காலமை இவர் குளிக்க இருபது வாளி அள்ளி ஊத்தினது நான். முப்பது வருசமாய் ஞாயிறு தவறாமல் அள்ளுறன். அது ஓய்வோ வேலையோ எண்டு ஆரும் எனக்கு இன்னும் சொல்லேல்லை."

பாதிரியார் அவசரமாகக் கடைசிப் பாட்டைச் சொன்னார்.

பின்னேரம் கிணற்றடிக்கு முதலில் வந்தவள் யோசப்பின். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஏற்றத் துலாவில் தொங்கிய இறைப்புப் பட்டையைப் பிடித்தாள். துலா மிதிக்கத்தான் ஆளில்லை. புதன்களில் மிதிக்க வரும் சின்னத்தங்கத்தின் தமையன் இளையதம்பி நல்லூருக்குச் சம்பந்தம் பேசப் போய்விட்டான்.

அப்போதுதான் தியாகலிங்கத்தார் வந்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தன். இது வேலையில்லை, தருமம். தருமத்துக்கு விலக்கு இருக்கு."

"அப்ப ஏறுங்கோ" என்றாள் யோசப்பின்.

கோட்டைக் கழற்றிப் பூவரசில் கொழுவிவிட்டு ஏறினார். துலாவில் முன்னுக்கு நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னுக்கு நடந்தால் தண்ணீரோடு ஏறும். அறுபது வயதுக் கால் நடுங்கியது. வாய் நடுங்கவில்லை. மேலே நின்றபடி, வேலைக்கும் தருமத்துக்கும் உள்ள ஏழு வித்தியாசங்களில் முதலாவதை எடுத்தார்.

வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து வந்தது. சின்னத்தங்கம் மண்வெட்டியால் முதல் பாத்தியைத் திறந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, காலமை உள்ளுக்கை செய்தது பூசையோ, இப்ப செய்யிறது பூசையோ?"

"எனக்கும் சரியாய்த் தெரியாது. தண்ணி கண்டுக்குப் போகுதோ?"

"ஓம், போகுது."

திடீரென்று தண்ணீர் நின்றது. சின்னத்தங்கம் அண்ணாந்து பார்த்தாள். தியாகலிங்கத்தார் மூன்றாவது வித்தியாசத்துக்கு வந்திருந்தார். ஒரு கை மூங்கில் கைபிடியில், மற்றக் கை ஆகாயத்தில்.

"ஐயா, நிண்டு கதையாதேங்கோ! பட்டை பாதிக் கிணத்திலை தொங்குது!"

அவர் வாயை மூடிக்கொண்டு, மெல்ல ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.