ஒருமுறையும் ஓடாத வண்டி

பழைய சைக்கிளின் சீட்டில் உள்ளங்கையை வைத்தால், அந்த வண்டி அதுவரை ஓடிய தூரம் முழுவதும் அக்காவின் கெண்டைக்காலுக்கு வலியாக வந்து சேர்ந்துவிடும். தெருவில் இதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தம்பி பழைய இரும்புக் கடைகளிலும் பூட்டிக் கிடந்த வீடுகளிலும் தேடி வண்டிகளைக் கொண்டுவருவான். துடைத்து, சட்டத்தில் பொறித்த எண்ணைப் படமெடுத்து, இணைய ஏலத்தில் ஏற்றுவான். விலை சொல்வது அக்கா. கண்ணை மூடி, வலி எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பாள். முழங்காலோடு நின்றால் யாரோ ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டிய வண்டி, துணிந்து விலை வைக்கலாம். இடுப்புவரை வந்தால் தபால்காரர் ஓட்டியது. பாதியில் வலி சட்டென்று அறுந்தால் சீட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள், விலையில் கால்வாசி போய்விடும். ஓடிய தூரத்தை எழுதி விற்கிற கடை உலகத்தில் இது ஒன்றுதான் என்பதால், எங்கெங்கோ இருந்து ஆட்கள் நம்பி ஏலம் கேட்டார்கள். ஒருமுறை அக்கா காய்ச்சலில் கிடந்தபோது தம்பி குத்துமதிப்பாக ஒரு தூரத்தை எழுதினான். பதினோராம் நாள் வண்டி வசவோடு திரும்பி வந்தது.

விற்றுப்போன வண்டி தன் வலியில் பாதியைத்தான் கூடவே எடுத்துப் போகும். மீதி தங்கிவிடும். ஒன்பது வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு வண்டிகள். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது, கால்களுக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. மாடியிலிருந்து இறங்க வேண்டுமென்றால் தம்பிதான் தூக்க வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, உட்கார்ந்த வேலைதான் என்றாள். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டணம் வாங்காமல் அனுப்பிவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் விடவில்லை.

"ஏம்மா, வண்டிய தொடாம விலை சொல்லக் கூடாதா? நான் ஆளைப் பாத்தே அளவு சொல்றேனே!"

"அதான் போன மாசம் ஒரு சட்டைக்குள்ள ரெண்டு பேர் போற மாதிரி தச்சிருந்தீங்க," என்றாள் அக்கா.

அந்த வருட மழைக்காலம் முடிந்ததும் தம்பி ஒரு வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடிப்போன ஒரு கடையின் மாடியில், பழுப்புக் காகிதம் சுற்றி, ஐம்பத்திரண்டு வருடம் கொக்கியில் தொங்கியது. தரையைத் தொட்டதே இல்லை. புது டயரில் மெல்லிய ரப்பர் மயிர்கள் இருக்கும், நாலு சுற்று ஓட்டினால் உதிர்ந்துவிடும். அவை அத்தனையும் அப்படியே இருந்தன. பழைய வண்டி சேகரிப்பவர்கள் அந்த மயிருக்குத்தான் பணம் கொடுப்பார்கள். அக்கா கையை வைத்தாள். ஒன்றும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காலில் இருந்த வலி மெல்லக் கிளம்பி, கை வழியாக வண்டிக்குள் போகப் பார்த்தது. கை இருந்தவரை வலி இல்லை, எடுத்ததும் வந்துவிட்டது. அன்றிலிருந்து அளக்க வேண்டும், துடைக்க வேண்டும் என்று ஏதாவது சாக்குச் சொல்லி வண்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

ஏலம் ஏழு நாள். மூன்றாம் நாளே ஒரு வருட வாடகையைத் தாண்டியது. ஏழாம் நாள் காலையில் குடியிருந்த வீட்டையே வாங்கிவிடலாம் என்ற அளவில் நின்றது. நான்கு மணிக்கு ஏலம் முடிகிறது, நான்கரைக்குக் கூரியர்காரரை வரச் சொல்லியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அக்கா கேட்டாள்.

"ஒரே ஒரு சுத்து சுத்திட்டு வரட்டுமா?"

"அக்கா, சுத்தினா அது பழைய வண்டி. அவ்வளவுதான். இது மட்டும் போயிடுச்சுன்னா கடையவே மூடிடலாம். அப்புறம் நீ ஒரு வண்டியத் தொட வேணாம். காலை நீட்டிப் படு."

"நீட்டிப் படுக்கக் கால் வேணாமாடா?"

தம்பி ஏலத் திரையில் நின்ற தொகையை ஒருமுறை பார்த்தான். பிறகு எழுந்து போய்க் காற்றடிக்கும் பம்பை எடுத்துவந்தான். "ரப்பர் காஞ்சிருக்கும். மெதுவாப் போ," என்று சொல்லிவிட்டு, வண்டியை முதலிலும் அக்காவை இரண்டாவதாகவும் கீழே தூக்கிப் போனான்.

முதல் சுற்றில் டயரின் மயிர்கள் உதிர்ந்தன. இரண்டாவது சுற்றில், வருடக்கணக்கில் வெயிலில் நின்றதுபோல் பெயின்ட் மங்கியது. மூன்றாவதில் சீட்டின் தோல் வெடித்தது, சங்கிலி முனகத் தொடங்கியது. அக்கா சுற்றுக்குச் சுற்று நிமிர்ந்துகொண்டே வந்தாள். ஏழாவது சுற்றில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். தையல்காரம்மா வாயில் ஊசி நூலோடு வாசலுக்கு வந்து, "பிரேக்கு இருக்கான்னு கேளுப்பா!" என்றார். தம்பி படியில் உட்கார்ந்து ஏலப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தான். ஏலம் தொடங்கியபின் எழுதியதை அழிக்க முடியாது, சேர்க்கத்தான் முடியும். "இந்த வண்டி இன்று மதியம் ஓட்டப்பட்டது. ஓட்டியவர் விற்பவரின் அக்கா. தூரம், ஒன்பது வருடம்." கேட்டவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மூன்றே முக்காலுக்கு ஒருவரும் இல்லை. அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அக்கா எத்தனையாவது சுற்று என்று எண்ணினான். வெகுநாளாக அவன் அவளை நின்றபடி பார்த்ததில்லை. அவள் தன்னைவிட உயரம் என்பதையே மறந்திருந்தான்.

அவள் இறங்கியதும் வண்டி வாசலிலேயே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. இரண்டு முறை ஸ்டாண்டு போட்டு நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு முறையும் மெதுவாகச் சாய்ந்து படுத்தது. முன்சக்கரம் கொஞ்சம் சுற்றி நின்றது. பிறகு சீரான இடைவெளியில் மணியிலிருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது.

நான்கரைக்குக் கூரியர்காரர் அட்டைப் பெட்டியோடு வந்தார். வண்டியைப் பார்த்தார்.

"என்ன சார், கீழ விழுந்துடுச்சா?"

"இல்லைங்க. களைச்சுப் போய்த் தூங்குது," என்றான் தம்பி.

"அப்ப எழுப்ப வேணாம்," என்றார் அவர். பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.