பின்பக்கத்துக் கடைசி வரி

ஆற்றுப் பாதையில் அப்பாவின் ஆள் வரும் புழுதி தெரிந்தால் போதும், நராம்தும் தலைக்கு எண்ணெய் தடவி, நல்ல மேலாடை போட்டுக்கொண்டு முன்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். வந்தவன் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேராக உள்கட்டுக்குப் போவான். அங்கேதான் அவள் தங்கை அஹாத்தும் இருந்தாள். இந்தத் தடவை கடிதத்தோடு அரண்மனைப் பலகாரமாய் ஒரு கூடை வறுத்த வெட்டுக்கிளியும் போயிற்று. அந்த வாசனை முன்கூடம் வரை வந்தது. நராம்துமுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு பேருக்கும் புருஷன் ஒருவன்தான். ஹல்லு என்று பெயர், இந்தச் சின்ன மலையூருக்கு ராஜா. பெண் கொடுத்தவரோ பெரிய நகரத்து அரசர். மாப்பிள்ளையைக் கவனிக்க இரண்டு கண் போதாது, நாலு வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மூத்தவளைக் கட்டிக்கொடுத்த மூன்றாம் வருஷம் இளையவளையும் அனுப்பிவைத்தார். எங்கள் பக்கத்தில் அரசர்கள் மகளைக் கட்டிக்கொடுப்பதே கடிதம் வருவதற்காகத்தான். மகள் எழுதினால் படை கிளம்பும், எழுதாவிட்டால் கிளம்பாது.

கடிதம் என்றால் ஈரக் களிமண் ஏட்டில் இரண்டு பக்கமும் கீறி எழுதிக் காயவைப்பது. நராம்தும் ஆறு கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. அஹாத்தும் ஒரே ஒரு கடிதம் எழுதினாள், ஹல்லுவின் மந்திரிக்கு வேலை போயிற்று.

"ஏன்டி பெல்தானி, ரெண்டு பேருக்கும் நீதானே எழுதுறே? அவளுக்கு மட்டும் ஒசத்தி மண்ணா எடுக்கிறியா?"

பெல்தானி அரண்மனைக்கு எழுதிக்கொடுப்பவள். யாருக்கும் பயந்து பேசுகிற ரகம் இல்லை.

"எல்லாம் ஒரே ஆத்து மண்ணுதாம்மா. நீங்க 'உங்கள் அடிமை நராம்தும்'னு ஆரம்பிக்கிறீங்க. சின்னவங்க 'உங்கள் மகள்'னு ஆரம்பிக்கிறாங்க. அடிமைங்க எழுதினது அங்க கூடை கூடையா கிடக்கும். மக எழுதினதுன்னா உங்கப்பாவே கேட்டு வாங்கிப் படிக்கச் சொல்லுவாரு."

"அதுக்காக? மகள்னு கொஞ்சிக்கிட்டுக் கிடக்க நான் என்ன பால் குடிக்கிற பிள்ளையா? நான் நாட்டு விஷயம் எழுதுறேன்."

"எழுதுங்க. யாரு வேணாம்னா?"

அந்த வாரம் நாட்டு விஷயம் நிஜமாகவே முற்றியிருந்தது. அப்பாவின் எதிரியான கீழ்த்திசை அரசனின் தூதனை ஹல்லு வலப்பக்கம் உட்காரவைத்தான்; ஒரே பானையில் இருவரும் உறிஞ்சு குழல் போட்டுப் பார்லி மது குடித்தார்கள். முதலில் மோப்பம் பிடித்தவள் நராம்தும்தான். அவசரமாக எழுதவேண்டும் என்று பெல்தானி எழுதும் மாடிக்கு அவள் ஓடினால், அங்கே பலகையில் அஹாத்துமின் கடிதம் ஏற்கெனவே ஈரம் காயாமல் கிடந்தது.

"படி அதை."

"வேணாம்மா. அடுத்தவங்க கடிதம்."

"அவ என் கூடப்பொறந்தவடி. அடுத்தவளா? படிங்கிறேன்."

பெல்தானி முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். முன்பக்கத்தில் 'என் நட்சத்திரமே' என்று அப்பாவுக்குக் கொஞ்சல், பிறகு தூதனுக்கு நடந்த விருந்து. பின்பக்கம் முதல் வரி: 'அமாவாசைக்கு ஹல்லு அவர்களுக்குக் கோட்டைக் கதவைத் திறக்கப்போகிறான், அதற்குள் இருநூறு வீரரை அனுப்புங்கள்.' அடுத்து மழை, ஆட்டு ரோமம், நலம் விசாரிப்பு. கடைசி வரி: 'அக்கா உங்கள் ஒரு சொல்லுக்காக அழுகிறாள், அவளுக்கும் ஏதாவது எழுதுங்கள்.'

நராம்துமுக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கை கோள் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். இரக்கப்பட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"எனக்காகப் பிச்சை கேக்குறாளா இவ? அந்த வரியை எடு."

"நான் ஒரு வரி எடுத்தா என் கையை எடுத்துருவாங்க. உறைக்கு மண்ணு கொண்டாறேன், கோபம் ஆறட்டும்" என்று பெல்தானி கீழே இறங்கிப் போனாள்.

நராம்துமுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கடைசி வரி என்றால் அடியில் இருக்கும் என்பது தெரியாதா என்ன? அடுப்பில் ரொட்டியைப் புரட்டுவதுபோல் ஏட்டைப் பக்கவாட்டில் புரட்டினாள். கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அடிவரியை நன்றாகத் தேய்த்தாள். மறுபடி புரட்டி, இருந்தபடியே வைத்தாள். பெல்தானி வந்து மேலே மண்ணுறை போர்த்தி மூடினாள். அஹாத்தும் தன் உருளை முத்திரையை அந்த ஈர உறைமேல் உருட்டினாள். கடிதம் போயிற்று.

அமாவாசைக்கு முந்தின நாள் ஆள் வந்தான். இருநூறு பேர் இல்லை. ஒருவன், ஒரு கழுதை. அவன் முன்கூடத்திலேயே நின்றுவிட்டான்.

"பெரியம்மாவுக்குத்தான்" என்று கடிதத்தையும் ஒரு வெள்ளி வளையலையும் நராம்துமிடம் நீட்டினான்.

அஹாத்தும் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா, உனக்கு எழுதிட்டாரு! சரி, படை பின்னாடி வருதா?"

"படையா? எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றான் அவன்.

பெல்தானி உறையை உடைத்துப் படித்தாள். 'என் மகளே நராம்தும், அழாதே. உன்னை மறக்கவில்லை. வளையலைப் போட்டுக்கொள். தங்கையின் கடிதத்தில் பின்பக்கம் முதல் வரி அழிந்திருந்தது. என்னவென்று கேட்டு, மெதுவாக எழுது.'

"அதுலதானே இருநூறு பேரு கேட்டேன்!" என்று அலறினாள் அஹாத்தும். "எப்படி அழியும்? அக்கா, எப்படி அழியும்?"

பெல்தானி நராம்துமைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கடிதத்தை, எழுதத் தெரிந்தவர்கள் எல்லோரும் புரட்டுகிறபடி, அடிவிளிம்பைத் தூக்கி மேல்நோக்கி மெல்லப் புரட்டிக் காட்டினாள்; பின்பக்க எழுத்து நேராக நின்றது. அதற்கப்புறம் பழையபடி முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் ஒரு தரம் புரட்டினாள். இப்போது பின்பக்க எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது. முதல் வரி அடியில் இருந்தது.

நராம்துமுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வெளியே கோட்டைக் கதவின் தாழ்மரத்தை ஆட்கள் கழற்றிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நாளைக்கு அது திறக்கும். அப்பாவின் மகள்களை அதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தங்கை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

நராம்தும் வளையலைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"பெல்தானி, அந்த 'என் மகளே'ங்கிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படி" என்றாள்.