கரி பூசிய ஓலை

காலமைத் தேத்தண்ணியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடிக்காமல், யாகோப்பர் அன்றைக்கும் அதையே கேட்டார்.

"ஏடு இப்ப எங்கையாம் பிள்ளை நிக்குது?"

"பருத்தித்துறையிலையாம் மாமா," என்றாள் யசிந்தா. சூடைமீனின் தலையைக் கிள்ளுகிற கை நிற்கவில்லை. போன மாதம் சில்லாலை என்று சொன்னாள். அதற்கு முதல் மாதம் சாவகச்சேரி. ஒன்றும் பொய்யில்லை, எல்லாம் கோயில் நோட்டீசில் உள்ளபடிதான். ஏட்டை வைத்த கோயில் கண்காட்சி ஊர் ஊராக, ஒவ்வொரு பங்காகப் போய்க்கொண்டிருந்தது. அது போகிற ஒவ்வொரு ஊரும் அவளுக்குக் கிடைத்த ஒரு தவணை. கிழவரும் "ம்" என்று கேட்டுக்கொண்டு, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நெஞ்சிழுப்பு அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாமனுக்கும் மருமகளுக்கும் இடையில் நாலு மாதமாக ஓடிய கதை இவ்வளவுதான்.

அந்த ஏட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லாந்தன் காலத்தில், பூசை வைத்தாலே பிடித்துக்கொண்டு போவான் என்ற நாட்களில், யாகோப்பரின் முன்னோர் ஒருவர் மாதாவின் புலம்பலைப் பனையோலையில் எழுதி, மீன்பறிக்குள் வலைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாராம். குருநகரில் வேறு வீடுகளிலும் ஏடுகள் இருந்தன. ஆனால் இந்த வீட்டில் மட்டும் ஒரு வழக்கம். கடல் எடுத்துக்கொண்டு உடம்பைத் திருப்பித் தராத ஆம்பிளைக்கு ஏடுதான் உடம்பு. முப்பத்தோராம் நாள் அதை அவனுடைய சாரத்தில் சுற்றி வாங்குப் பலகையில் கிடத்தி, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைப்பார்கள். குடும்பத்தில் மூத்தவர் பாடுவார். நடுவில் ஓரிடத்தில் பாட்டு நிற்கும்.

"ஆரிடத்தில் விட்டுவந்தீர் என் அருமைத் திரவியத்தை?" என்று மூத்தவர் கேட்பார்.

"நீரிடத்தில் விட்டுவந்தோம், நித்தியனே ஏற்றருளும்" என்று பெண்சாதிக்காரி பதில் பாடவேண்டும். வேறு ஒருத்தரும் பாடக்கூடாது. அவள் பாடினால்தான் பாட்டு மேலே போகும். முடிந்ததும் செத்தவனின் பெயரை எழுத்தாணியால் கடைசி ஓலையில் கீறுவார்கள். தாலி கழலும், வெள்ளைச் சீலை வரும். அதற்குப் பிறகு அந்த ஆளைப் பார்த்து ஒருத்தரும் கரையில் போய் நிற்பதில்லை.

யசிந்தாவின் புருசன் கனிசியஸ் ஐப்பசியில் போனவன். சண்டைக் காலம், கடலில் இறங்கக்கூடாது என்று தடை. தடையைத் தின்று வயிறு நிறையுமோ? பொழுதுபட இரண்டு வள்ளம் வெளிச்சமில்லாமல் இறங்கியது. நேவிக்காரன் சுட்டான். ஒரு வள்ளம் திரும்பி வந்தது. வந்தவர் நீக்கிலாப்பிள்ளை, கனிசியஸோடு சிறுவயதில் இருந்து தொழிலுக்குப் போகிற ஆள். முற்றத்தில் நின்றபடி, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இருட்டிலை வடிவாத் தெரியேல்லைத் தங்கச்சி. பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் போலை."

அந்தப் 'போலை'யைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். பிடிபட்டவன் என்றால் எங்கோ ஒரு ஆமிக் காம்பில் இருப்பான். காம்பில் இருந்தால் என்றைக்கோ ஒருநாள் செஞ்சிலுவைக்காரர் மூலம் துண்டுக் கடிதம் வரும். பக்கத்து ஒழுங்கைச் செல்வநாயகிக்கு மகனுடைய துண்டு ஏழு மாதம் கழித்து வரவில்லையா? யசிந்தாவும் போய்ப் பெயர் பதிந்தாள். இலக்கம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார்கள். அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்து, கிழமைக்கு ஒருதரம் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைக்கார நோனா மரியாதையாக இல்லை என்று தலையாட்டினாள்.

முப்பத்தோராம் நாள் கிட்டக் கிட்ட அவள் நாட்களை விரலில் எண்ணத் தொடங்கினாள். வீடு அவளுடைய சீதன வீடுதான், கிழவர் தன் வீட்டில் ஆமி அடித்த செல் விழுந்த பிறகு இங்கே வந்து ஒதுங்கியவர்தான். அதற்காக மகனுக்குப் பாடவேண்டாம் என்று தகப்பனிடம் எந்த வாயால் சொல்வது? இருபதாம் நாள் ஞாயிறு பூசையில் செபநாயகம் பாதர் ஒரு அறிவித்தல் வாசித்தார். வீடுகளில் கிடக்கிற பழைய வேத ஏடுகள், செபப் புத்தகங்கள், ஞானஸ்நானப் பதிவுகள் எல்லாவற்றையும் பிஷப்பின் மேற்றிராசனம் சேர்க்கிறது, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பங்கு பங்காக உழவு இயந்திரத்தில் கொண்டு திரியப் போகிறார்கள், செல் விழுந்து எரியமுதல் சனம் ஒருக்கால் கண்ணாலாவது காணட்டும் என்றார். மற்றவர்களுக்கு அது கண்காட்சி. யசிந்தாவுக்கு மாதாவே வாய் திறந்த மாதிரி இருந்தது.

அடுத்தநாள் கிழவர் இழுப்புக்கு மருந்து எடுக்கப் போன நேரம், ஏட்டைப் பழஞ்சீலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாதரின் அறைவீட்டுக்குப் போனாள். பாதருக்கோ சந்தோசம் தாங்கவில்லை. ஆறு கிழமையில் பத்திரமாகத் திருப்பித் தருவோம் என்று சத்தியம் பண்ணாத குறை.

"அவசரமில்லை பாதர்," என்றாள் அவள். "எவ்வளவு நாளெண்டாலும் வைச்சிருங்கோ."

விசயம் தெரிந்தும் யாகோப்பர் கத்தவில்லை, கையோங்கவில்லை. கத்தியிருந்தால்கூட நல்லது. மூன்று நாள் சோறு மட்டும் தின்றார், கதை இல்லை. நாலாம் நாள் காலமை தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, ஏடு எங்கை நிக்குது என்று தொடங்கினார். முப்பத்தோராம் நாள் வெறும் செபமாலையோடு போனது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? மாமனுக்குப் பாட ஏடில்லை, மருமகளுக்கு அழக் கண்ணீரில்லை என்று தண்ணிப் பைப்படியில் கதைத்தார்கள். அவள் காதில் விழத்தான் கதைத்தார்கள். அவள் பச்சைச் சீலையைக் கட்டிக்கொண்டு, தாலியை வெளியே எடுத்துவிட்டு, அவர்களுக்கு நடுவில் குடத்தை வைத்தாள். வீம்பு என்றார்கள். வீம்புதான். அதைவிட்டால் அவளிடம் வேறு என்ன இருந்தது?

கிழவர் ஒருதரம் மட்டும் மனம்விட்டுக் கேட்டார். தை மாதம், மூச்சு எடுக்கமுடியாமல் இரண்டு நாள் இருந்த இருப்பில் இருந்தவர், மூன்றாம் நாள் கொஞ்சம் தேறி, அவளைக் கூப்பிட்டார்.

"நான் முந்திப் போனால் அவனுக்கு ஆர் பிள்ளை பாடுறது?"

"அவர் வந்திடுவார் மாமா," என்றாள்.

அவர் சால்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "ஓம்" என்றார். அந்த ஓமை அவள் நம்பினாள். கிழவருக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது என்று அன்றைக்கு நல்ல நித்திரைகூடக் கொண்டாள்.

மாசியில் கண்காட்சி குருநகருக்கே வந்துவிட்டது. ஊரெல்லாம் சுற்றி, கடைசிப் பங்காக. தவக்காலத்து முதல் வெள்ளி, விடியற்பூசை முடிய கோயில் மண்டபம் திறக்கும் என்றார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனிக்குள் யாகோப்பர் தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, அவளுடைய தோளைப் பிடித்தபடி நடந்தார். பத்தடிக்கு ஒருதரம் நின்றார். திரும்புவோம் மாமா என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா அவர்?

மண்டபத்தில் திருவிழாச் சனம். வாங்குகளைச் சேர்த்துப்போட்டு, கோயில் விரிப்பு விரித்து, அதன்மேல் கண்ணாடிப் பெட்டிகள். லத்தீன் பூசைப் புத்தகம் ஒன்று, செல்லரித்த பதிவேடுகள், எந்தப் பங்கில் இருந்தோ வந்த மூவிராசாக்கள் நாடக ஏடு. கத்தோலிக்க வேதக்காரரின் சாமான்களுக்குப் பக்கத்தில், அளவெட்டிப் பஞ்சலிங்கம் பரியாரியார் இரவல் கொடுத்த வைத்திய ஏடும் ஒரு மூலையில் விபூதி மணத்தோடு கிடந்தது. ஓலை பழகிய கை என்று பாதர் அவரைத்தான் பிடித்து, வந்த ஏடுகள் எல்லாவற்றையும் துப்புரவாக்குவித்தாராம். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து ஓலையில் பூசித் துடைத்தால், கரி கீறலுக்குள் மட்டும் தங்கி நிற்கும். வெறும் ஓலை போலக் கிடந்ததெல்லாம் கருகருவென்று எழுத்தாகிவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சிஸ்டர் இதை ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தா.

யசிந்தா தன் வீட்டு ஏட்டை மட்டுக்கட்டவே கொஞ்சநேரம் பிடித்தது. பழுப்பேறி, புகைபிடித்து, கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாமல் கிடந்த சாமான், எண்ணெய் மினுக்கத்தோடு புதுமாப்பிள்ளை மாதிரிக் கிடந்தது. கடைசி ஓலையை விரித்து வைத்திருந்தார்கள். போகிற ஊரிலெல்லாம் சனத்துக்குக் கடல் கொண்ட ஆட்களின் பெயரைக் காண விருப்பம் இருக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். அவள் குனிந்து வாசித்தாள். வஸ்தியான். சவிரிமுத்து. மனுவல். வேறொரு கையெழுத்தில் அந்தோனி, பேதுரு. இன்னொரு கையெழுத்தில் சூசைப்பிள்ளை, பிலிப்பு. ஏழு பெயர். ஏழும் கடல்.

எட்டாவதாக ஒரு பெயர் இருந்தது. எழுத்துக்கள் நடுங்கி, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, ஓலையே கிழிந்துபோகும் அளவுக்கு ஆழமாக அழுத்திக் கீறியிருந்தது. கரி அதற்குள்தான் வடிவாகப் பிடித்திருந்தது.

கனிசியஸ்.

அவள் நிமிரவில்லை. "மாமா," என்றாள் கண்ணாடிக்கே சொல்வதுபோல. "இது ஆர் எழுதினது?"

"நான்தான்."

"எப்ப?"

"எட்டாம் நாள்."

எட்டாம் நாள். அவள் ஏட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தது இருபத்தோராம் நாள். அப்படியென்றால் அந்தப் பெயரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவள் அவள்தான். சில்லாலையிலும் பருத்தித்துறையிலும் சனம் வரிசையில் நின்று அவளுடைய புருசன் செத்ததை வாசித்துக்கொண்டு போயிருக்கிறது. அவள் மட்டும் செஞ்சிலுவைக்கார நோனாவுக்கு முன்னால் அட்டையோடு நின்றிருக்கிறாள்.

"பாடாமல் எழுதுறதில்லையே மாமா."

"இல்லைத்தான். கை நிக்கேல்லை." மூச்சை இழுத்துக்கொண்டார். "நீக்கிலாப்பிள்ளை வந்து சொன்னவன். சூடு பட்டு விழுந்தவனைத் தண்ணிக்குள்ளை கையிலை பிடிச்சவனாம். பிடி விட்டிட்டுதாம். உன்னட்டைச் சொல்ல அவனுக்கு வாய் வரேல்லை."

"உங்களுக்கு?"

"எனக்கும் வரேல்லை. ஒரு ஆளெண்டாலும் அவன் வருவானெண்டு இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

அவளுக்கு அந்த இடத்திலேயே கிழவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல வந்தது. நாலு மாதம்! தினமும் தேத்தண்ணியை வாங்கி, எல்லாம் தெரிந்துகொண்டு, ஏடு எங்கை நிக்குது என்று கேட்ட மனிசன். அவர் ஏட்டைத் திருப்பிக் கேட்கவில்லை, அவளை அல்லவா கேட்டிருக்கிறார், ஆயத்தமா ஆயத்தமா என்று. குனிந்தபடியே முகத்தை மட்டும் திருப்பினாள். வாசலடியில் சனத்துக்குள் நீக்கிலாப்பிள்ளை நிற்பதைக் கண்டாள். அவர் தன்னுடைய வலதுகையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

அப்போது யாகோப்பர் பாடத் தொடங்கினார்.

ஓலையைப் பார்க்கவில்லை, பெட்டியின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி. முதலில் ஆருக்கும் விளங்கவில்லை. கிழவருக்கு இழுப்பு என்றுதான் சிஸ்டர் ஓடிவந்தா. பிறகு மண்டபம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வயதான பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள். செபநாயகம் பாதர் திறப்புக் கோர்வையோடு வந்து, தாழ்ந்த குரலில், "யாகோப்பர், பெட்டியைத் திறந்து தரட்டோ?" என்று கேட்டார். கிழவர் காதில் விழவில்லை. பாதர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

குரல் உடைந்தது, மூச்சு அறுந்தது, ஆனால் ஒரு அடியும் தப்பவில்லை. மாதா மகனைத் தேடித் தெருத்தெருவாகப் போனா. வழியில் கண்டவர்களையெல்லாம் கேட்டா. கடைசியில் அந்த இடம் வந்தது.

"ஆரிடத்தில் விட்டுவந்தீர் என் அருமைத் திரவியத்தை?"

பதில் தெரிந்த பெண்கள் நாலைந்து பேர் அங்கே நின்றார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு யசிந்தாவின் முதுகைப் பார்த்தார்கள்.

கிழவர் மூச்சை எடுத்துத் திரும்பவும் கேட்டார். இந்த முறை ராகம் பாதிதான் இருந்தது. நெஞ்சுக்குள் விசில் அடிப்பது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. இன்னொருதரம் கேட்க அவரிடம் மூச்சு இருக்குமோ இல்லையோ.

யசிந்தா இன்னும் குனிந்தபடியே நின்றாள். தாலி முன்னுக்குத் தொங்கிக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது. அவள் பதில் பாட வாயைத் திறந்தாள். உள்ளிருந்து வந்த சூடான மூச்சு பனியில் குளிர்ந்திருந்த கண்ணாடியில் பட்டுப் புகைத்து, எட்டாவது பெயரை மூடியது. அவள் அதைத் துடைக்கவில்லை. புகை ஓரத்தில் இருந்து மெல்ல மெல்ல விலக, கடைசி எழுத்து முதலில் தெரிந்தது. பிறகு அதற்கு முன்னால் இருந்தது.