இடப்பக்க வாக்கியங்கள்

தடதடவென்று ஷட்டர் அதிர்ந்தது.

செந்தமிழ்ச்செல்வி கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். இளவரசன்தான். வேறு யாராக இருக்க முடியும்? கள்ளக்குறிச்சி முழுக்கக் கடையடைத்துக் கிடக்கிறது. நாய்கள் நடு ரோட்டில் காலை நீட்டித் தூங்குகின்றன. இந்த மதியத்தில் டுடோரியல் ஷட்டரை வேறு யார் வந்து தட்டப் போகிறார்கள்? தம்பியைத் திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டே ஷட்டரைப் பாதிக்குத் தூக்கினாள்.

மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. எல்லாம் செருப்பில்லாத, புழுதி படிந்த கால்கள். இளவரசனின் பழுப்பு ஷூ எதிலும் இல்லை.

“நாங்கதான் டீச்சர்” என்று குனிந்து முகத்தைக் காட்டினான் சின்னராசு.

அவனுக்குப் பின்னால் கோகிலவாணி, ஜீவா. மூவரும் கச்சிராயபாளையத்துக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்துப் பிள்ளைகள். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு, மீசை முளைத்த பிறகும் பாவாடை தாவணிக்கு மாறிய பிறகும் அக்டோபர் பரீட்சையை நம்பிக்கொண்டிருப்பவர்கள்.

“எப்படிடா வந்தீங்க? பஸ்ஸே ஓடலையே!”

“நடந்துதான். வரப்பு மேலயே வந்துட்டோம்.”

“பைத்தியமா உங்களுக்கு? ஊரே அடங்கிக் கெடக்குது. இன்னிக்கு யாரு கிளாஸ் வெச்சாங்க?”

வகுப்பில் சின்னராசுவின் வாயை அடைக்கவே தனிச் சம்பளம் தர வேண்டும் என்பாள் செல்வி. ‘பேரு செந்தமிழ்ச்செல்வி, சொல்லிக் குடுக்கறது இங்கிலீஷு, இது நாயமா டீச்சர்?’ என்று முதல் நாளே கேட்டவன். இன்று ஷட்டருக்குள் நுழைந்து, படிக்கட்டுக்குக் கீழே கிடந்த அவள் புருஷனின் தோல் செருப்பைப் பார்த்ததும் சிலையாக நின்றுவிட்டான்.

“சாரு... வூட்லயா கீறாரு?”

“விடியக்காலம்தான் வந்தாரு. மறியல் ஆரம்பிச்சதிலேர்ந்து மனுஷன் கண்ணே மூடல. இப்பத்தான் அசந்து தூங்கறாரு. ஏன், பாக்கணுமா?”

மூன்று தலைகளும் வேகமாக ஆடின. வேண்டாம், வேண்டாம்.

எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டமே ரோட்டில் இறங்கியிருந்தது. கேட்டதில் நியாயம் இருக்கிறது என்பதில் செல்விக்குச் சந்தேகமே இல்லை. அவளுடைய புருஷன் தங்கதுரை பி.ஏ. படித்துவிட்டு வேலைக்கு அலைந்து அலைந்து, கடைசியில் மாடியில் வீடும் கீழே டுடோரியலுமாக உட்கார்ந்தவன். அடிவாரத்து ஊர்களில் ஆட்களைச் சேர்த்து முன்னால் நிற்பவனும் அவன்தான். ஆனால் ரோட்டை மறிக்க ஓரத்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்களே, அதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. உட்கார மரமில்லாத காக்கைகள் மூன்று நாளாக ஊருக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தன. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இன்று காலையிலிருந்து அவையும் சத்தம் போடவில்லை. சும்மா சுற்றின.

இளவரசன் அவளுடைய ஒரே தம்பி. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, வேலைக்கு அனுப்பியதெல்லாம் அவள்தான். முந்தாநாள் காலையில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் மலையிலிருந்து இறங்கினான் என்று கடுக்காய் வியாபாரி ஒருவர் நடந்து வந்து சொல்லிவிட்டுப் போனார். இறங்கியவன் வந்து சேரவில்லை.

“பாதியில ரோடு மூடியிருக்கும், திரும்பி மேலயே போயிருப்பான். சும்மா உசுர எடுக்காத” என்று விடியற்காலையில் சொல்லிவிட்டுத்தான் தங்கதுரை படுத்தான். நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டுப் படுத்தான்.

“நீங்க அந்த ரோட்டுப் பக்கமாத்தான வந்திருப்பீங்க? என் தம்பியப் பாத்தீங்களா? வெள்ளிமலை வாத்தியாரு. ராஜ்தூத்து வண்டி” என்றாள் செல்வி.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். ஜீவா உள்ளங்கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டான். அவன் கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

“இன்னாடா ஆச்சு? ஏய், கோகிலா, நீயாச்சும் சொல்லு!”

கோகிலவாணி மாடிப்படியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“பாடம் எடுங்க டீச்சர்.”

“பாடமா?”

“வெர்ப் பாடம். அந்த ரெண்டு பக்கப் பாடம்.”



அது இந்த டுடோரியலுக்கே உரிய பாடம். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டால், இடப்பக்கம் அது நிஜமாக நடந்தது. வலப்பக்கம் அதையே பேச்சுக்குச் சொல்வது. ரன் என்றால் இடப்பக்கம் நாய் ஓடும், வலப்பக்கம் ஒருவன் கடையை ஓட்டுவான். பிரேக் என்றால் இடப்பக்கம் பானை உடையும், வலப்பக்கம் மனசு உடையும். ஒரே ஒரு சட்டம்தான். இடப்பக்கத்தில் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னவன் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். கற்பனை செய்தால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். ஒருவன் சொன்னதை மற்றவர்கள் கூடவே திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஏன் என்று தெரியாமலே சாக்பீஸை எடுத்தாள். கோடு போட்டாள். வழக்கமாக ஆரம்பிக்கிற சொல்லையே எழுதினாள். ஃபால். விழு.

இந்தச் சொல்லுக்கு வலப்பக்கம் எப்போதும் அமர்க்களப்படும். வெங்காய விலை விழும், மந்திரிசபை விழும், சின்னராசு ஒரு தரம் காதலிலேயே விழுந்து கோகிலவாணியிடம் முறைப்பு வாங்கினான். இன்று ஒருவரும் வலப்பக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“தி ட்ரீ ஃபெல்” என்றான் சின்னராசு.

மரம் விழுந்தது. “தி ட்ரீ ஃபெல்” என்று மற்ற இருவரும் திருப்பிச் சொன்னார்கள். கத்தவில்லை. உதட்டளவில், கோயிலில் மந்திரம் முணுமுணுப்பது போல.

“தி பைக் ஃபெல்” என்றாள் கோகிலவாணி.

“தி பைக் ஃபெல்.”

“எ மேன் ஃபெல்” என்றான் ஜீவா. இந்த முறை திருப்பிச் சொல்ல இருவருக்கும் குரல் எழும்பவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

செல்வி அடுத்த சொல்லை எழுதினாள். ஹோல்ட். பிடி.

“தி ட்ரீ ஹோல்டட் ஹிஸ் லெக்.”

“ஹெல்ட்” என்றாள் செல்வி. பழக்க தோஷம். திருத்திய பிறகுதான் வாக்கியம் காதுக்குள் இறங்கியது. மரம் அவன் காலைப் பிடித்துக்கொண்டது.

“யாரு காலுடா? எந்த ஆளு?”

மூன்று வாய்களும் மறுபடி இறுக மூடிக்கொண்டன. மேலே கட்டில் கிறீச்சிட்டது. நால்வரும் கூரையைப் பார்த்தார்கள். தங்கதுரை புரண்டு படுத்தான் போலிருக்கிறது. பிறகு குறட்டை தொடர்ந்தது.

செல்விக்கு அப்போது ஒன்று புரிந்தது. தமிழில் கேட்டால் இவர்கள் சொல்ல மாட்டார்கள். பலகையில் கேட்டால் சொல்வார்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ, அதற்கான வினைச்சொல்லை அவள்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இத்தனை வருஷம் சொல்லிக் கொடுத்த சொற்களில் எது தன் தம்பியிடம் கொண்டு போய்ச் சேர்க்கும்? வெறும் பலகையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு எழுதினாள். வேர். உடுத்து.

கோகிலவாணி எழுந்து நின்றாள். “தி மேன் வோர் எ க்ரீன் ஸ்வெட்டர்.”

சாக்பீஸ் இரண்டாக முறிந்தது. சமவெளியில் செப்டம்பர் வெயிலில் யார் ஸ்வெட்டர் போடுவார்கள்? மலைக்குளிரில் இருந்து விடியலில் இறங்கி வருகிறவன்தான் போடுவான். பச்சை நூல் வாங்கிப் பின்னியவளே அவள்தான். இடது கை ஒரு விரற்கடை நீளமாகப் போய்விட்டது என்று அவன் கேலி செய்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த சொல்லை அவள் கை தானாக எழுதியது. ஸ்லீப். எழுதிய உடனே திடுக்கிட்டு உள்ளங்கையால் தேய்த்து அழித்தாள். அந்தச் சொல்லின் வலப்பக்கத்தை இப்போது யாரும் சொல்லிவிடக் கூடாது. உறங்கிவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வேறு எழுதினாள். ட்ரிங்க். குடி.

பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“ஐ கிவ் கஞ்சி” என்றாள் கோகிலவாணி. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் திணறியது. “டுடே மார்னிங். ஹி ட்ரிங்க். லிட்டில் லிட்டில்.”

“ஹி ட்ரிங்க்” என்றார்கள் மற்றவர்கள்.

செல்வி பலகையில் சாய்ந்துகொண்டாள். முகமெல்லாம் சாக்பீஸ் தூள். உயிரோடு இருக்கிறான். கஞ்சி குடிக்கிறான்.

கேரி என்று எழுதினாள். தூக்கு.

“வி கேரிட் தி மேன்.”

ஹைட். ஒளித்து வை.

“வி ஹைட் ஹிம். மோட்டார் கொட்டா.”

மோட்டார் கொட்டாய்க்கு இங்கிலீஷ் தெரியாமல் சின்னராசு அப்படியே சொல்லிவிட்டான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தான். ஜீவா அவசரமாகத் திருத்தினான்: “மோட்டார் ஹவுஸ். சுகர்கேன் இன்சைட்.” கரும்புக்காட்டுக்கு நடுவே, கிணற்று மோட்டார் வைத்திருக்கும் சிறு கொட்டாய்.

“ஒய்?” என்றாள் செல்வி. அவளும் இப்போது இங்கிலீஷுக்கு மாறியிருந்தாள்.

“போலீஸ் கேஸ். ஆல் ஃபியர்.”

“டாக்டர்?”

“நோ டாக்டர்.”

அதோடு மூவரும் உட்காரவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் இருக்கிறது என்று நின்றார்கள். செல்விக்கு எந்தச் சொல்லை எழுதுவதென்று தெரியவில்லை. ஜீவாவே முன்னால் வந்து, அவள் கையிலிருந்த துண்டுச் சாக்பீஸை வாங்கி, பலகையில் எழுதினான். டர்ன். எழுதிவிட்டுத் தன் முழங்காலிலிருந்து பாதம் வரை கையால் தடவிக் காட்டினான்.

“தி லெக் டர்ன்ட் பிளாக்.”

கால் கறுத்துவிட்டது.

வெளியே எங்கோ தொலைவில் கோடாரி விழும் சத்தம் கேட்டது. ஒரு கொத்து, ஒரு மௌனம், ஒரு கொத்து.

செல்வி பரபரத்தாள். ரோடு மூடியிருந்தால் என்ன, வரப்பு இருக்கிறது. மாட்டு வண்டி ஒன்று கிடைத்தால் போதும். ஏரிக்கரை வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிடலாம். மேலே போய் புருஷனை எழுப்ப வேண்டும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பேர் ஓடி வருவார்கள், வெட்டிய மரத்தையே நகர்த்தித் தருவார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள்.

கோகிலவாணி பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுடி! சார எழுப்பறேன்.”

கோகிலவாணி விடவில்லை. அவளுடைய உள்ளங்கை சொரசொரவென்று உறுத்தியது. செல்வி அதைத் திருப்பிப் பார்த்தாள். நடுவில் நாலணாக் காசு அகலத்துக்குத் தோல் பொசுங்கிக் கறுத்திருந்தது.

“காட்டுங்கடா உங்க கைய” என்றாள் பையன்களிடம்.

இரண்டு கைகள் நீண்டன. அதே இடம். அதே கறுப்பு.

அந்தச் சூட்டுக்காயம் எதனால் வரும் என்று அந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாமி முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். சொன்னால் சொன்ன வாய் அழுகிவிடும். வெட்டுக்குத்துக்குக்கூட அஞ்சாத ஆட்கள், இந்தச் சத்தியத்துக்குப் பயந்து வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

“அய்யனார் கோயில்லயா?” என்று கிசுகிசுத்தாள்.

மூன்று தலைகள் அசைந்தன.

“வாயத் தொறந்து சொல்ல மாட்டோம்னு?”

தலைகள் அசைந்தன.

“அப்போ இவ்ளோ நேரம் நீங்க இங்கிலீஷ்ல சொன்னது...”

மேலே குறட்டை நின்றது. கட்டில் நீளமாக ஒரு தரம் கிறீச்சிட்டது. பாதங்கள் தரையில் ஊன்றும் சத்தம். “செல்வீ... கீழ யாரு?” என்றது தூக்கம் கலையாத, கரகரத்த குரல்.

சின்னராசு ஓசைப்படாமல் ஷட்டருக்கு அடியில் குனிந்தான். ஜீவா கரும்பலகையை அவசர அவசரமாகத் துடைத்தான். கோகிலவாணி மட்டும் செல்வியின் கையை விடாமல், அவள் காதோடு வாய் வைத்து, அன்றைக்கு அந்த விஷயத்தை முதல்முறையாகத் தமிழில் சொன்னாள்:

“அய்யனாருக்கு இங்கிலீசு தெரியாதுன்னுதான் வந்தோம் டீச்சர், ஆனா எங்கள கற்பூரம் அடிக்க வெச்சு சத்தியம் வாங்குனவரு பி.ஏ. படிச்சவராச்சே, அவரு எறங்கி வர்றதுக்குள்ள வாங்க!”