பால்கனிக்கு ஒரு ஹைட்ரோ டெஸ்ட்

தண்ணீர் வாளி வாங்கப் போனால்கூட, அதில் விளிம்புவரை தண்ணீர் பிடிக்கச் சொல்லி, பத்து நிமிஷம் அடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார் அழகர்சாமி. குடை வாங்கிய அன்று கடை வாசலிலேயே அதை விரித்துப் பிடித்துக்கொண்டு, மேலே ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். கைலாசபுரத்துப் பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் கையெழுத்துப் போட்ட எதுவும் இதுவரை ஒழுகியதில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய விஜயராணிக்கு ஒரு கோயில் கட்டினாலும் தகும்.

அந்த முப்பத்தைந்தாவது வருஷத்துக்குத்தான் அவர்கள் மகள் ரஞ்சனி கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தாள். சென்னையில் ஏறி, இலங்கைவரை போய், ஐந்தாம் நாள் திரும்புவது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் ஒரு புதன்கிழமை வீடியோ காலில் வந்தாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில், புருஷனும் பெண்டாட்டியும் போனுக்கு முன்னால் தலையை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"மூணு மாதிரி ரூம் இருக்கும்மா. ஒண்ணு உள்பக்கம், ஜன்னலே கிடையாது. இன்னொண்ணுல ஜன்னல் இருக்கும், ஆனா திறக்க முடியாது. மூணாவது பால்கனி வச்சது. கதவைத் திறந்தா கடல். ரெண்டு சேர் போட்டிருப்பாங்க."

"பால்கனி" என்றாள் விஜயராணி. அழகர்சாமி வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இத்தனை வேகமாக அவள் எதையும் கேட்டதில்லை.

அவளைப் பிடித்து இழுத்தது கடல் இல்லை, அந்த இரண்டு சேர்தான். ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் அது புரியும். காலை ஷிஃப்ட் என்றால் விடியுமுன் டிபன் டப்பாவோடு கிளம்பிவிடுவார். இரவு ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் தூங்குவார். வீட்டில் மிக்ஸிகூட ஓடக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகாவது ஆள் வீட்டில் தங்குவார் என்று நினைத்திருந்தாள். வந்த மறுமாதமே ஃபிளாட் சங்கத்துக்குச் செயலாளராகி, லிஃப்டையும் தண்ணீர்த் தொட்டியையும் கட்டிக்கொண்டு அழுகிறார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரு வேலையும் இல்லாமல் சும்மா உட்கார்ந்த சாயங்காலம் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை. அதற்கு ஆசைப்பட்டாள். ஐம்பத்தெட்டு வயதில் இதை எப்படி வாயைத் திறந்து சொல்வது என்று கூச்சம்.

"பால்கனின்னா நல்லா காத்து வரும்ல" என்றாள் பொத்தாம்பொதுவாக.

"நம்ம வீட்லயும்தான் பால்கனி இருக்கு" என்றார் அழகர்சாமி. "வந்து ஆறு வருஷமாச்சு. ஒரு நாள் நீ அதுல உக்காந்திருக்கியா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பால்கனியில் துணி காயப்போடும் ஸ்டாண்டு, காலி சிலிண்டர், டிவி வந்த அட்டைப்பெட்டி, பழைய ஏர் கூலர் எல்லாம் நிரந்தரமாகக் குடியிருந்தன. யாராவது உட்கார வேண்டுமென்றால் முதலில் ஏர் கூலர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

"உக்காராத ஆளுக்கு உக்கார்ற இடம் எதுக்கு? ரஞ்சனி, நீ உள் ரூமே போடும்மா. கப்பலுக்கு நடுவுல இருக்கும். ஆட்டமும் கம்மி."

"நான் உக்காருவேன்."

"நீயா? அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டே."

"உக்காருவேங்க."

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்ப்பா சண்டை? ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. பால்கனி ரூம் நாலஞ்சுதான் மிச்சம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் டெஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அழகர்சாமியின் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக மாறிவிட்டது. பெற்ற பெண்ணே வேட்டு வைத்துவிட்டாளே என்று விஜயராணி போனைப் பார்த்து முறைத்தாள்.

அவருக்குத் தெரிந்த டெஸ்டுகளில் ராஜா ஹைட்ரோ டெஸ்ட்தான். பாய்லருக்குள் தண்ணீரை நிரப்பி, அது வழக்கமாகத் தாங்குவதைவிட ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்து, அரை மணி நேரம் அப்படியே நிறுத்திவைப்பார்கள். எங்கேயும் ஒரு சொட்டு கசியக் கூடாது. கசிந்தால் ரிஜெக்ட். சாம்பார் கரண்டியைப் பிடிக்கத் தெரியாத மனிதர், இதை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

"வெள்ளி, சனி, ஞாயிறு. மூணு டெஸ்ட். சாயங்காலம் அஞ்சரைக்கு நீ பால்கனில உக்காரணும். அரை மணி நேரம் ஹோல்டிங். நீ எழுந்திருச்சா அது ஒரு கசிவு. மூணுல ஒண்ணு பாஸ் பண்ணினாலும் பால்கனி ரூம் உனக்கு."

"நீங்களும் கூட உக்காருவீங்கல்ல?"

"இன்ஸ்பெக்டர் இல்லாம டெஸ்ட்டா?" என்றார் அவர். அந்த ஒரு பதிலுக்காகவே விஜயராணி ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பால்கனியைக் காலி செய்தார்கள். சிலிண்டர் அடுப்படிக்குப் போனது. ஏர் கூலரைப் பழைய சாமான்காரர் தூக்கிக்கொண்டு போனார். கழுவிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் தென்னந்தோப்பும், அதைத் தாண்டி ஒரு துண்டு காவேரியும், அக்கரையில் மலைக்கோட்டையும் தெரிந்தன. ஆறு வருஷமாக இதையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டி மறைத்திருக்கிறது.

ஐந்தரைக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அழகர்சாமி கட்டம் போட்ட தாளை மடியில் வைத்துக்கொண்டார். தேதி, நேரம், கசிவு, மூலம். எழுந்த நேரத்தை மட்டும் உடனே குறிப்பார். கசிவு எதனால் வந்தது என்ற 'மூலம்' கட்டத்தைப் பிறகு விசாரித்து நிரப்புவது தொழிற்சாலை வழக்கம்.

அன்றைக்கு நடந்தது டெஸ்டே இல்லை, மானக்கேடு. நாலாவது நிமிஷமே எழுந்தாள். வந்து உட்கார்ந்து நாற்காலி சூடாகுமுன் மறுபடி எழுந்தாள். ஆறு மணிக்குள் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் வாட்சைப் பார்த்து, நிதானமாக எழுதினார். அவர் சிரித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

சனிக்கிழமை அவள் சும்மா விடவில்லை. பிளாஸ்க்கில் காபி, தட்டில் முறுக்கு, கிண்ணத்தில் மாத்திரை, கொசுவத்திச் சுருள், குடிதண்ணீர் எல்லாவற்றையும் நாற்காலியைச் சுற்றி அடுக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. காவேரிப் பக்கமிருந்து காற்று வந்தது. அழகர்சாமி, கைலாசபுரத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த பீமராவைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இதுதான், இதைத்தானே கேட்டேன் என்று அவள் மனசு குதித்தது. இருபது. இருபத்தொன்று.

"அந்தக் கண்ணாடி தொடைக்கிற துணி எங்க..." என்றார் அவர்.

வாக்கியம் முடிவதற்குள் அவள் ஹாலில் இருந்தாள். துணியைக் கையில் எடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. திரும்பி வந்து பார்த்தால் அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு நிமிஷம். நல்லாத்தான் போச்சு. என்ன பண்றது, ஒரு சொட்டுன்னாலும் சொட்டுதானே" என்றார் வருத்தமாக. உண்மையான வருத்தம்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை வார்க்கும்போது அவளுக்குக் கண் கலங்கியது. உட்காரவே தெரியாத ஜென்மமாக ஆகிவிட்டோமா என்று தன்மேலேயே கோபம் வந்தது. "மூணாவது டெஸ்ட் வேண்டாங்க. உள் ரூமே போடச் சொல்லுங்க. எனக்குக் கொடுப்பினை அவ்வளவுதான்" என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

டெஸ்டை நிறுத்துவதென்றால் ரிப்போர்ட்டை முடித்தாக வேண்டும். முடிக்காத ரிப்போர்ட்டை வீட்டில் வைத்துக்கொண்டு அவருக்குத் தூக்கம் வராது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தபோது, தாளும் பேனாவுமாக அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"மூலம் எழுதணும். வெள்ளிக்கிழமை அஞ்சு முப்பத்துநாலு. எதுக்கு எழுந்தே?"

"பால் வைக்க."

"பால் எதுக்கு?"

"நீங்கதானே, காபி வாசனையே வரலையேன்னீங்க?"

எழுதினார். "அஞ்சு நாப்பத்தொண்ணு?"

"மோட்டர் ரூம் சாவி கேட்டு கீழ் வீட்டு ஜோஸ் வந்தாரு."

"யார்கிட்ட கேட்டு?"

"உங்ககிட்டத்தான். என்கிட்டயா மோட்டர் ரூம் சாவி கேப்பாங்க?"

"நாப்பத்தேழு?"

"உங்க பிரஷர் மாத்திரை."

"அம்பது?"

"கொசு கடிக்குதுன்னு சொன்னீங்க. உங்க காலுக்குக் கிரீம்."

பேனா கொஞ்சம் மெதுவாக ஓடியது. "அம்பத்தஞ்சு?"

"அது என் புடவை. கொடியிலேர்ந்து காத்துல பறந்துச்சு."

"அப்பாடா" என்றார் அழகர்சாமி, நிம்மதியாக. அதைக் கொட்டை எழுத்தில் எழுதினார். அடுத்தது நேற்றையது. அதைக் கேட்க வாயைத் திறந்தவர், கேட்காமலே எழுதிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டார்.

கிரைண்டர் நின்ற பிறகும் அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு கசிவில் ஐந்துக்கு மூலம் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்திலேயே அவர் பெயர் இருந்தது. மேலதிகாரி வந்து நின்று மிரட்டியபோதுகூடப் பொய் ரிப்போர்ட் எழுதாத மனிதர். தனக்காக மட்டும் எப்படி எழுதுவார்?

"ராணி, இந்த டெஸ்ட் செல்லாது."

"ஏன், என்னாச்சு?"

"பாய்லர்ல தண்ணி நிரப்பறதுக்கு முன்னாடி எல்லா ஓப்பனிங்கையும் பிளேட் போட்டு அடைக்கணும். அது அரிச்சுவடி. நேத்து சேர்ந்த பயலுக்குக்கூடத் தெரியும். நான் ஒண்ணை அடைக்காம விட்டுட்டு, பாய்லர் ஒழுகுதுன்னு எழுதியிருக்கேன்."

"எதை அடைக்கல?"

"என்னைத்தான்" என்றார்.

விஜயராணி மாவுக் கையோடு அவரைப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தன.

சாயங்காலம் மூன்றாவது டெஸ்ட். இந்தத் தடவை அடைக்க வேண்டியதையெல்லாம் அவரே அடைத்தார். மோட்டர் ரூம் சாவியை ஜோஸ் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காபி போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய், பாலைப் பொங்கவிட்டு, பாதியைத் துடைத்து, மீதியில் இரண்டு டம்ளர் தேற்றினார். சர்க்கரை போட மறந்து ஒரு தடவை எழுந்தார். கிளறும் ஸ்பூனுக்கு ஒரு தடவை. அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை. விஜயராணிக்குக் கால் துடித்தது. அணைத்திருப்பாரா, பாத்திரம் அடிப்பிடித்திருக்குமா என்று உடம்பு தானாக எழுந்திருக்கப் பார்த்தது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலைக்கோட்டையையே பார்த்தாள்.

சரியாக ஆறு மணிக்கு அழகர்சாமி வாட்சைக் காட்டினார். "ஹோல்டிங் அரை மணி. கசிவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உடனே ரஞ்சனிக்குப் போன் செய்து, "பால்கனி ரூமே போடும்மா. உங்கம்மா பாஸ்" என்றார். அந்தப் பக்கம் அவள் கூவியது பால்கனி முழுக்கக் கேட்டது.

"சரி ராணி, டைம் முடிஞ்சுது. எழுந்திரு."

"எதுக்கு?" என்றாள் விஜயராணி.

எழுந்துவிட்டிருந்த அவர் தாளை மடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க உக்காருங்க" என்றாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டிருந்தாள். "நான் பால்கனி கேட்டது கடலுக்கில்லங்க. நீங்க ஒரு வேலையும் இல்லாம என் பக்கத்துல உக்காந்து நான் பாத்ததே இல்ல. கப்பல்ல சங்கமும் கிடையாது, லிஃப்ட் கெட்டாலும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க. அதுக்குத்தான் கேட்டேன்."

அழகர்சாமி உட்கார்ந்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா டெஸ்டே வேண்டியதில்லையே" என்றார்.

"சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்டயா?"

"பின்னே, ஜோஸ்கிட்டயா?"

இருவரும் சிரித்தார்கள். தென்னந்தோப்பு இருட்டிக்கொண்டு வந்தது. மலைக்கோட்டையில் விளக்குப் போட்டார்கள். இந்நேரம் கதவைச் சாத்தி, குக்கர் வைத்து, அவருடைய சட்டையை ஊறவைத்திருப்பாள். ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் ஆகிவிடவில்லை. அது அவளுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தொண்டை மட்டும் வறண்டிருந்தது. எழுந்திருக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள்:

"ஏங்க, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டுட்டு வாங்களேன்."

வாக்கியம் முடிவதற்குள் அவர் எழுந்துவிட்டார்.