நேரங்கெட்டு முளைத்த மல்லாட்டை

வடக்கனந்தல் கல்யாண மண்டபத்தில் மணமக்களுக்கென்று கிடந்த சிம்மாசனத்தில் கலையரசன் உட்கார்ந்திருந்தார். பெயருக்கு முன்னால் டாக்டர், பின்னால் ஆங்கில எழுத்துகள் பதினொன்று, ரயில் பெட்டிகள் மாதிரி. எஞ்சின் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் தங்கமணி. மார்பில் கட்டி, சோதித்துப் பார்த்து புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக அவள் ஃபிளாஸ்க்கைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய கணவர் நாராயணசாமிதான் கத்தி என்றாலே நடுங்குகிறவர். "ஊசியிலயே சரியாயிடுமாம், ஒரு வாட்டி கேட்டுட்டு வந்துடலாம்" என்று இங்கே இழுத்து வந்திருந்தார்.

"கருவிலே நம்மை வளர்த்த மரபணுக்கள் நமக்குள்ளே உறங்குகின்றன!" என்று முழங்கினார் கலையரசன். "எங்கள் ஊசி அவற்றைத் தட்டி எழுப்பும்! கட்டிகள் கரைந்தோடும்!"

நாராயணசாமி பலமாகக் கைதட்டினார்.

தங்கமணிக்குக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஜெனிபர் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. குழந்தை கருவில் இருக்கும்போது செல்களைப் பெருக்குவதற்கென்று சில மரபணுக்கள் வேலை செய்யும். வேலை முடிந்ததும் அடங்கிவிடும். சில புற்றுநோய்களில் அவையே வளர்ந்த உடம்பில் மறுபடி விழித்துக்கொண்டு செல்களைப் பெருக்குகின்றனவாம். இன்னும் ஆராய்கிறார்கள், முழுசாகத் தெரியாது என்றும் அவர் சொல்லியிருந்தார். தெரியாது என்று சொன்னதால்தான் தங்கமணி அவரை நம்பினாள்.

எழுந்தாள்.

"சார், போன போகத்துல எங்கூட்டுக்காரரு கெணத்து மோட்டார ஆட்டோ சுச்சுல போட்டுட்டு கல்யாணத்துக்குப் போய்ட்டாரு. கரண்டு வந்ததும் அது பாட்டுக்கு ஓடி தண்ணி பாஞ்சி, புடுங்கற பக்குவத்துல இருந்த மல்லாட்ட, அதான் சார் வேர்க்கடல, அத்தினியும் மண்ணுக்குள்ளயே முளைச்சிக்கிச்சு."

"இப்ப இன்னாத்துக்கு அது?" என்று முனகினார் நாராயணசாமி.

"வெதைக்கறப்ப முளைச்சா பயிரு. புடுங்கறப்ப முளைச்சா நாசம். என் ஒடம்புல நேரங்கெட்டு முளைச்சிக்கினு கீது. நீங்க இன்னும் தண்ணி வுடறேன்றீங்களே, இன்னா சார் ஞாயம்?"

மண்டபம் சிரித்தது.

"அது வேறு மரபணு, தாயே!"

"எது எதுன்னு ஊசிக்குத் தெரியுமா?"

கேள்விகளெல்லாம் கடைசியில் என்றார் கலையரசன். கடைசி வருவதற்குள் சாப்பாட்டை அறிவித்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நாராயணசாமி போனை எடுத்து, அதிலிருந்தே கிணற்று மோட்டாரை ஆட்டோவிலிருந்து மாற்றி அணைத்தார்.

"முளைச்சத அன்னிக்கு இன்னா பண்ணோம்?" என்றாள் தங்கமணி.

"புடுங்கிப் போட்டோம்."

"அடுத்த போகம் வெளைஞ்சுதா இல்லியா?"

"வெளைஞ்சுது." போனைச் சட்டைப் பையில் போட்டார். "வியாழக்கெழம எத்தினி மணிக்கு?"

"ஏழுக்கு."

"ஆறுக்கே போய்டலாம். ஃபிளாஸ்க்க நான் தூக்கினு வரேன்."